60,000 ரூபாயும் ஒரு கணிப்பொறியும்

தவக்காலத்தில் நம் கோயில்களில் பொதுவாகத் திருமணங்கள் நடைபெறுவதில்லை. ஆதலால் நிழற்படத் தொழிலை நம்பி வாழும் எங்களுக்கு அந்த நாற்பது நாட்களும் கருவிகளைத் துடைத்து வைப்பதற்கும், நிலுவைக் கணக்குகளைத் தீர்ப்பதற்கும், உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் வரிசையாக வரும் திருமணங்களுக்கும் புதுநன்மை விழாக்களுக்கும் ஆயத்தம் செய்வதற்கும் உரிய காலமாகும். 2024ஆம் ஆண்டு அத்தகையதொரு மாலையில், எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் என் வீட்டிற்கு வந்தார். தாயாரின் மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதில் 60,000 ரூபாய் இருந்தது.

"இவன் கணிப்பொறி வாங்க வேண்டும் என்கிறான் அண்ணாச்சி. படம் திருத்தும் வேலையை வெளியில் கொடுத்தால் கூலியில் பாதி போய்விடுகிறதாம். சங்கிலியை அடகு வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் உடன் சென்று பார்த்து வாங்கித் தரவேண்டும்" என்றார் அந்தத் தாய்.

இளைஞர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒரு கடையில் எழுதி வாங்கிய விலைப்பட்டியல். பக்கவாட்டில் கண்ணாடி பதித்த பெட்டி. அதனுள் பல வண்ணத்தில் ஒளிரும் நான்கு காற்றாடிகள். விளையாட்டுக்கென்றே விற்கப்படும் கிராபிக்ஸ் கார்டு. இவை மட்டுமே தொகையில் ஏறத்தாழப் பாதியை விழுங்கியிருந்தன. ராம் 8 ஜி.பி. மட்டும், அதுவும் ஒரே துண்டு. எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. மானிட்டரைப் பற்றி, "22 அங்குலம்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. படங்களைப் பிரதி எடுத்து வைக்க எந்த ஏற்பாடும் இல்லை. வாசலில் வளைவும் மின்விளக்கும் அமர்க்களப்பட, பந்தியில் சோறு போதாமற்போன திருமண வீடுதான் என் நினைவுக்கு வந்தது.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். இந்நாளில் வீட்டிலேயே கணிப்பொறி இணைத்துக்கொள்ள வரும் இளைஞரில் பெரும்பாலோர் விளையாட்டுக்காகவே வருகின்றனர். அவர்களுக்கு ஏற்ற பட்டியலையே அவர் இவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். படம் திருத்தும் வேலையின் இயல்பு வேறு. அது என்னவென்று தெரிந்துகொண்டால், எந்த உறுப்புக்கு எவ்வளவு செலவிடலாம் என்பது தானே விளங்கிவிடும்.

இன்றைய சாதாரணக் கேமரா ஒன்று 24 மெகாபிக்சல் படம் எடுக்கிறது. அதாவது 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள். கேமராவின் அட்டையில் அந்தப் படத்தின் மூலக்கோப்பு, ரா என்று வழங்குவது, 25 முதல் 30 எம்.பி. இடத்தில் சுருங்கிக் கிடக்கும். திருத்துவதற்காக அதைத் திறந்ததும் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிற அளவுகள். ஒவ்வொரு அளவுக்கும் 2 பைட். பெருக்கிப் பாருங்கள்: 144 எம்.பி. முகத்தில் விழுந்த நிழலைத் தனியே, பின்புறச் சுவரைத் தனியே, ஆடையின் நிறத்தைத் தனியே திருத்த, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள் இடுகிறோம். பத்து அடுக்கானால் ஒரே படம் ஏறத்தாழ ஒன்றரை ஜி.பி. ஆகிவிடுகிறது. செய்ததைத் திரும்பப் பெறுவதற்கென்று பழைய நிலைகளையும் மென்பொருள் நினைவில் வைத்திருக்கும். 8 ஜி.பி. ராமில் கணிப்பொறியின் அடிப்படை இயக்கத்துக்குப் போக எஞ்சுவது எவ்வளவு? இடம் போதாதபோது அது டிஸ்க்கை எழுதுபலகையாகப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போதுதான் திரையில் அந்தச் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருப்பதும், நாம் தேநீர் அருந்தப் போய்விடுவதும்.

ஆகவே ராமை 32 ஜி.பி. என முதலில் எழுதினேன். 16 ஜி.பி. துண்டுகளாக இரண்டு. ஒரே துண்டாக வாங்குவதைவிட இணையாக இரண்டு வாங்கினால் பிராசசர் இரு வழிகளில் ஒரே நேரத்தில் தரவை எடுத்துக்கொள்ளும். அவ்வாண்டில் அதற்கு ஆன விலை ஏறத்தாழ 5,500 ரூபாய். நல்லகாலம் என்றே சொல்லவேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கென எழும் மாபெரும் கணிப்பொறி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டமையால், 2025ஆம் ஆண்டின் இறுதியில் ராம் விலை இருமடங்குக்கும் மேலாக ஏறிவிட்டது. கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டை இட்டுத் தொடங்கலாம். ஆனால் நான்கு துளைகள் உள்ள மதர்போர்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டால், பின்னொரு நாள் மேலும் இரண்டைச் செருக இடமிருக்கும்.

அடுத்தது பிராசசர். படம் திருத்தும் மென்பொருள்கள் பலவும் ஒரு நேரத்தில் ஓரிரு கோர்களையே கடுமையாக வேலை வாங்குகின்றன. திருத்தி முடித்த ஆயிரம் படங்களை ஒருசேர வெளியே எழுதும்போதுதான் எல்லாக் கோர்களும் உழைக்கும். எனவே பதினாறு கோர் உள்ள விலையுயர்ந்த ஒன்றுக்கு இங்கே தேவையில்லை. வேகமான ஆறு கோர் போதும். நாங்கள் தேர்ந்தது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. 2021இல் கடைக்கு வந்த சரக்கு. 2024இல் 11,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் பெயரின் முடிவிலுள்ள "ஜி" என்னும் எழுத்தைக் கவனிக்கவேண்டும். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி அதன் உள்ளேயே அமைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இதற்கு மாறாக, இன்டெல் பிராசசர்களில் பெயரின் இறுதியில் "எஃப்" என்றிருந்தால் அதில் அப்பகுதி இயங்காது. தனிக் கார்டு வாங்கியே தீரவேண்டும். இதை அறியாது மலிவாயிருக்கிறதே என்று "எஃப்" வாங்கி வந்து, கறுத்த திரையின் முன் உட்கார்ந்திருந்தவர்களை நான் அறிவேன்.

"அப்படியானால் கிராபிக்ஸ் கார்டே வேண்டாமா மாமா?" என்று இளைஞர் கேட்டார். முகத்தில் சிறிது ஏமாற்றம்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வேண்டாம் என்றேன். இருட்டில் எடுத்த படங்களில் தோன்றும் புள்ளிப் படலத்தைச் செயற்கை நுண்ணறிவால் நீக்கும் வசதியை, அடோபி நிறுவனம் 2023ஆம் ஆண்டு தன் லைட்ரூம் மென்பொருளில் சேர்த்தது. நள்ளிரவுத் திருப்பலியிலும் தேர்ப்பவனியிலும் படமெடுப்பவர்களுக்கு அது பெரும் உதவி. அந்த வேலை கிராபிக்ஸ் கார்டைக் கொண்டே நடைபெறுகிறது. நல்ல கார்டு இருந்தால் சில நொடிகளில் முடிவது, இல்லாவிட்டால் ஒரு படத்திற்கே பல நிமிடங்கள் பிடிக்கும். அத்தகைய படங்களைக் கத்தை கத்தையாகத் திருத்தவேண்டிய நாள் வரும்போது, 8 ஜி.பி. நினைவகமுள்ள கார்டு ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அதற்கான துளை மதர்போர்டில் காத்திருக்கும். நிறம் திருத்துவது, வெட்டுவது, கறை நீக்குவது ஆகிய அன்றாட வேலைகளுக்கு உள்ளமைந்த பகுதியே போதும். அது தனக்கென நினைவகம் இல்லாமல் பொதுவான ராமிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதும் 32 ஜி.பி. கேட்டதற்கு ஒரு காரணம்.

கார்டில் மிஞ்சிய பணத்தை மானிட்டருக்கு மாற்றினேன். இதில்தான் எனக்கும் பலருக்கும் வழக்கு. பிராசசருக்கு 11,000 ரூபாய், மானிட்டருக்கு 11,500. "பார்க்கும் பெட்டிக்கு இவ்வளவா?" என்று அந்தத் தாயே கேட்டார். படம் திருத்துபவனுக்கு மானிட்டர்தான் கண். மலிவான திரைகள் பலவற்றில் சற்றே எழுந்து நின்று பார்த்தால் முகத்தின் நிறம் ஒன்று, அமர்ந்து பார்த்தால் வேறொன்று. ஐ.பி.எஸ். என்னும் வகையில் இக்குறை மிகக் குறைவு. அடுத்து, எஸ்.ஆர்.ஜி.பி. என்று 1996இல் வகுக்கப்பட்ட ஒரு நிறவெளி உண்டு. இணையத்திற்கும் பெரும்பாலான அச்சகங்களுக்கும் அதுவே பொது மொழி. அதில் ஏறத்தாழ முழுவதையும் காட்டவல்லது என்று எழுதியுள்ள திரையையே கேட்டு வாங்கவேண்டும். மூன்றில் இரு பங்கு மட்டும் காட்டும் திரைகளும் கடையில் அதே பளபளப்போடு வீற்றிருக்கும். அவற்றில் அரக்குப் பட்டுப்புடவையும் செம்பருத்திப் பூவும் ஒரே சிவப்பாகத் தோன்றும். மணமகளின் வீட்டார் புடவையின் நிறத்தை மறப்பவர்கள் அல்லர்.

வாங்கியபின்னும் ஒரு வேலை உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் திரை கண்ணைப் பறிக்கும் ஒளியில் வைக்கப்பட்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் சரியென்று கண்ட படம் அச்சில் இருண்டு வரும். பழி அச்சகத்தார் தலையில் விழும். திரையின் ஒளியை வெகுவாகக் குறைத்து, நிறத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றைத் திரைமேல் தொங்கவிட்டுச் சீர்செய்யவேண்டும். அக்கருவியின் விலை மானிட்டரின் விலையையே எட்டும். ஆதலால் ஒவ்வொருவரும் வாங்கவேண்டியதில்லை. என்னுடையதை இரவல் கொடுத்தேன். ஓர் ஊரில் நான்கு நிழற்படக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டால் எல்லாருக்கும் ஆகும். நாங்கள்தான் ஒருவர் கடைக்கு ஒருவர் போவதில்லையே!

இதற்கிடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறத்தை உள்ளபடி காட்டும் திரையை வாங்கிவைத்து, பிள்ளையின் முகத்தை மட்டும் வெளுக்கத் தேய்த்துத் தரச் சொல்லுகின்றனர் நம்மவர். நான் செய்வதில்லை. கேட்டவர்களில் சிலர் வேறிடம் போனதும் உண்டு.

இனி நான் எழுதப்போவது என் சொந்தத் தவறு. 2016ஆம் ஆண்டில் எங்கள் பங்கில் நடந்த ஒரு திருமணத்தின் படங்கள் அனைத்தையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தேன். ஆல்பத்திற்கு 120 படங்கள் தேர்ந்து கொடுத்தாயிற்று. மற்றவை டிஸ்க்கிலேயே கிடந்தன. ஒரு காலை அதைத் திறந்தபோது கடிகார முள்போல் டிக், டிக் என்ற ஓசைதான் கேட்டது. அதன்பின் அது திறக்கவேயில்லை. தரவை மீட்பவர்களிடமும் கொண்டுபோனேன், கைவிரித்துவிட்டனர். அடுத்த ஆண்டு மணமகளின் தந்தை மாரடைப்பில் காலமானார். கோயில் வாசலில் மகளின் நெற்றியில் அவர் சிலுவை வரைந்து ஆசீர்வதித்த படம் ஒன்றை நான் எடுத்தது அவர் மகளுக்கு நினைவிருந்தது. ஆல்பத்தில் அது இல்லை. "எங்கேயாவது இருக்குமா, பாருங்களேன்" என்று வந்து கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஆகையால் பட்டியலில் டிஸ்க்குகளுக்கு நான் ஒதுக்கியது மூன்று வரிகள். வேலை நடக்கும் இடத்திற்கு 1 டி.பி. எஸ்.எஸ்.டி.; மென்பொருளும், கையிலுள்ள வேலையும் அதில். முடிந்த வேலைகளுக்குப் பெட்டியினுள் 2 டி.பி. ஹார்டு டிஸ்க். அதே படங்களின் மறுபிரதிக்கு வெளியே எடுத்துச் செல்லத்தக்க மற்றுமொரு 2 டி.பி. ஒரு திருமணத்திற்கு 1,500 படங்கள் என்றால் 40 ஜி.பி.க்கு மேல், ஆண்டுக்கு இருபது திருமணமானால் 800 ஜி.பி.யைத் தாண்டும். எனவே இரண்டாண்டுக்குத் தாங்கும். வெளியே எடுக்கும் டிஸ்க் கணிப்பொறியின் அருகில் இருக்கக்கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். இடி விழுந்தாலும், வெள்ளம் புகுந்தாலும், திருடன் வந்தாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். அது அடுத்த தெருவிலுள்ள அவர் அத்தையின் பீரோவில், துணியில் சுற்றிய நிலையில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எடுத்துவந்து, புதியவற்றைச் சேர்த்து, மாலையில் திருப்பி வைத்துவிடுகிறார்.

பொருள் வாங்க இரவுப் பேருந்தேறிச் சென்னை சென்றோம். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை அறியாதார் இலர். ஒருவர் உடலோடு உடல் உராயாமல் நடக்கவியலாத அச்சந்தில், சென்னையில் கிடைக்காத மின்னணுப் பொருள் இல்லை எனலாம். ஐந்தாறு கடைகளில் விலை கேட்டோம். ஒரு கடையில், வேகம் மிகுந்த நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி.யை எங்கள் தலையில் கட்டப் பார்த்தனர். நாங்கள் எடுத்த பிராசசர் மூன்றாம் தலைமுறை வேகத்திற்கு மேல் போகாது. கூடுதல் விலை கொடுத்தாலும் பயனில்லை. பட்டியலோடு வருபவனிடம் கடைக்காரர் அதிகம் வாதாடுவதில்லை என்பதை அன்று கண்டேன். "பில் வேண்டாமென்றால் வரி குறையும்" என்றார் இன்னொருவர். 18 விழுக்காடு சிறிய தொகையன்று. ஆயினும் பில் இல்லாத பொருளுக்கு உத்தரவாதமும் இல்லை. அரசுக்குச் சேரவேண்டியதை மறைத்த குற்றமும் நம் கணக்கில் ஏறும். பில்லோடுதான் வாங்கினோம்.

மின்வழங்கிப் பெட்டியில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். பெட்டியோடு இலவசமாக வரும் பெயரறியாதவற்றைத் தவிர்த்து, 80 பிளஸ் முத்திரையுள்ள 550 வாட் ஒன்றை எடுத்தோம். அது பழுதாகும்போது தான் மட்டும் சாவதில்லை. உடனிருப்பவற்றையும் சில வேளை இழுத்துக்கொண்டு போகும். மின்சாரம் நின்றால் சேமித்து மூடுவதற்குப் பத்து நிமிடம் தரும் சிறிய யு.பி.எஸ். ஒன்றும் சேர்த்தோம். விசைப்பலகையும் மௌசும் அவரிடமே இருந்தன. எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய்க்குள் அடங்கிற்று. மிஞ்சிய சில்லறையில் இருவரும் சாப்பிட்டோம்.

இணைக்கும் வேலையை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு சனிக்கிழமை பிற்பகல் செய்தோம். ஒரு திருப்புளியும் பொறுமையும் போதும். உடலிலுள்ள நிலைமின்னோட்டம் சில்லுகளைக் கெடுக்குமாதலால் அடிக்கடி பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டோம். பிராசசரின் ஊசிகள் வளையாதபடி, மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியைத் துளையின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தால் தானே அமரும். உடன் வந்த காற்றாடியில் வெப்பம் கடத்தும் பசை முன்னரே தடவியிருந்தது. ராம் துண்டுகளை அடுத்தடுத்துச் செருகாமல், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் இட்டோம். எல்லாம் முடிந்து விசையை அழுத்தினால் காற்றாடி சுழல்கிறது, திரை இருட்டு! தாயார் செபமாலையை எடுத்துவிட்டார். அரைமணி நேரம் தேடியபின், பிராசசருக்கென்று மதர்போர்டின் மேல் மூலையில் தனியாகச் செருகவேண்டிய எட்டு ஊசி மின்கம்பியை மறந்தது தெரிந்தது. முப்பதாண்டு அனுபவம் பேசிக்கொண்டிருந்த நான்தான் அதை மறந்தவன்.

மென்பொருளைப் பற்றிச் சில சொற்கள். போட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. இப்போது மாதச் சந்தாவுக்கே கிடைக்கிறது. திருட்டுப் பிரதிகள் எங்கும் மலிந்துள்ளன. ஏழாம் கட்டளையை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அப்பிரதிகளுடன் ஒட்டிவரும் கெடுநிரல்கள் டிஸ்க்கிலுள்ள படங்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மூலக்கோப்புகளுக்கு டார்க்டேபிள், ஒட்டுவேலைக்கும் கறை நீக்கவும் கிம்ப் என விலையில்லா மென்பொருள்கள் உண்டு. பழகச் சில வாரங்கள் ஆகும். இவர் அவற்றிலேயே தொடங்கினார். வருமானம் வந்தபின் சந்தா கட்டுவதாகச் சொன்னார்.

அலுவலகங்கள் கழித்த பழைய கணிப்பொறியை மலிவாக வாங்கலாமே என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான பிராசசர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை.

அன்றிரவே ஒரு படத்தைத் திருத்திப் பார்க்க விரும்பினார் இளைஞர். சுவரில் மாட்டியிருந்த தாயாரின் புதுநன்மைப் படத்தைக் கழற்றினோம். 1982இல், கப்பலில் வேலைபார்த்த அவர் மாமா எடுத்த வண்ணப்படம். அக்காலத்து வண்ணத்தாள்களில் நீலம் சார்ந்த சாயம் முதலில் மங்கிவிடுவதுண்டு. எஞ்சிய சாயங்களால் படம் செம்மையேறிப்போகும். இதுவும் அப்படியே செங்கல் நிறத்தில் இருந்தது. வருடியில் அங்குலத்திற்கு 600 புள்ளியாக எடுத்தோம். இத்தகைய படத்தில் உறுதியாக வெண்மையென அறிந்த ஒன்றைச் சுட்டினால், அதை அளவுகோலாகக் கொண்டு மென்பொருள் மற்ற நிறங்களை மீட்கும். புதுநன்மைச் சிறுமியின் ஆடையைவிட உறுதியான வெண்மை எது? இளைஞர் ஆடையைச் சுட்டினார். படம் முழுவதும் குளிர்ந்து, சற்றே நீலம் பாரித்தது. சிறுமி வெண்பனிபோல் நின்றாள். நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம்.

தாயார் அருகில் வந்து வெகுநேரம் பார்த்தார்.

"அது வெள்ளையன்று. வெள்ளைத் துணி வாங்க அவ்வாண்டு முடியவில்லை. அம்மா தம் கலியாணப் புடவையை வெட்டித் தைத்துக்கொடுத்தார்கள், சந்தன நிறம். பின்னால் நிற்கும் அப்பாவின் வேட்டியைப் பார், அதுதான் வெள்ளை" என்றார்.

மகன் செய்ததை நீக்கிவிட்டு, தாத்தாவின் வேட்டி மடிப்பில் குறியை வைத்து அழுத்தினார். சுவரும், பீடத்துப் பூக்களும், சிறுமியின் முகமும் தத்தம் நிறத்திற்குத் திரும்பின. ஆடை சந்தன நிறமாயிற்று.